அறுபதைத் தாண்டிய தம்பதி வெளிநாட்டு ஊழியத்துக்குப் போனால் நாள் எப்படிக் கழியும்?

கேள்வி இதுதான்: கணவருக்கு 67 வயது, மனைவிக்கு 63. பிள்ளைகள் தனிக் குடும்பமாகிவிட்டார்கள். ஒரு மிஷன் அமைப்பு 18 மாத ஊழியத்துக்கு வெளிநாட்டுக்கு அழைக்கிறது. "ஊழியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. எங்களால் சமாளிக்க முடியுமா?"

முடியும். சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் அவை மட்டும் தடையாக நிற்காது. தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைப் பற்றிய தப்புக் கணக்குதான். புறப்படும்போது மனதில் இருப்பது காலையில் ஜெபம், பகலில் ஊழியம், மாலையில் வீடு சந்திப்பு என்ற படம். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கும் நேரம் அதில் கிடையாது. மின்கட்டண வரிசையும் இல்லை, குழாய் பழுதுபார்ப்பவர் வருவாரா என்று காத்திருக்கும் பிற்பகலும் இல்லை. சொந்த ஊரில் பத்து நிமிடத்தில் முடிகிற காரியம் அங்கே அரை நாளை விழுங்கிவிடும். மொழி தெரியாது, வழி தெரியாது, உடம்பிலும் பழைய வேகம் இல்லை. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் பாதியை வீட்டுக்கும் உடம்புக்கும் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மீதிப் பாதிதான் ஊழியம். இந்தப் பங்கீட்டை ஒப்புக்கொண்டவர்கள் நிதானமாக ஓடுகிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் இளைஞர்களோடு போட்டிபோட்டு, மூன்றாம் மாதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அனுப்பும் அமைப்புகளுக்கும் இது தெரியும். உதாரணமாக, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை மூத்த தம்பதிகளை 6 மாதம் முதல் 23 மாதம் வரையிலான காலத்துக்கு அனுப்புகிறது. இளம் மிஷனரிகளுக்குள்ள கண்டிப்பான நேர அட்டவணை அவர்களுக்குக் கிடையாது. மற்ற அமைப்புகளிலும் மூத்தவர்களுக்குக் கிடைப்பது தெருத்தெருவாகப் போகும் வேலையாக இருப்பது குறைவு. அலுவலகக் கணக்கு, இளம் ஊழியர்களின் விசா புதுப்பிப்பு, அவர்கள் தங்கும் வீடுகளைப் பார்வையிடுவது, சிறு சபைகளில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது, பியானோ அல்லது எழுத்தறிவு வகுப்பு, கிணறு, சக்கர நாற்காலி போன்ற உதவித் திட்டங்களின் மேற்பார்வை, வியாதியஸ்தரைப் பார்த்து வருவது என்று போகும்.

முதல் ஆறு வாரம் வேலையே இல்லாததுபோல் தோன்றலாம். அழைப்புக் கடிதத்தில் "சபைக்கு உறுதுணையாக இருத்தல்" என்று ஒரு வரி இருக்கும். அங்கே போனால் யார் என்ன வேலை கொடுப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இதைத் தவிர்க்க, புறப்படும் முன்பே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். எங்களுக்குப் பொறுப்பாளர் யார்? எங்களுக்கு முன் இந்த வேலையைச் செய்தவர் யார், அவருடைய குறிப்பேடு கிடைக்குமா? எங்கள் இருவரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என்ன பொறுப்பு? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் அதுதான் முக்கியம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி மருந்து. சர்க்கரை நோயாளி என்பதால் இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

எத்தனை மாத மருந்தைக் கையில் கொண்டுபோகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்து, அனுமதிக்கும் அதிகபட்ச அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், சுங்கத்தில் அது வெறும் மாத்திரைக் குவியல். மருத்துவரின் கடிதத்தில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை, மூலப்பொருள் பெயரும் மில்லிகிராமும் வேண்டும். மூலப்பொருள் பெயரேகூட மாறுவதுண்டு. பாராசிட்டமால் சில நாடுகளில் அசிடமினோஃபென். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு வேறு இடத்தில் கிளைபுரைடு. மூச்சுத்திணறலுக்கான சால்புட்டமால் அல்புட்டரால். இது தெரியாமல் பழைய மாத்திரையோடு புது மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது உண்டு. கிளிபென்கிளமைடு இரட்டிப்பானால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

சாதாரணச் சளி மாத்திரையும் சிக்கலில் மாட்டிவிடும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். நீங்கள் போகும் நாடு வேறாக இருந்தாலும் விமானம் மாறும் நாட்டின் விதியையும் ஒருமுறை பாருங்கள்.

சர்க்கரை அளக்கும் மீட்டரில் இரண்டு அளவுமுறைகள் உண்டு. ஒன்று மில்லிகிராம் கணக்கு, மற்றது மில்லிமோல் கணக்கு. 126 என்று பார்த்துப் பழகியவர் புது மீட்டரில் 7 என்று கண்டால் அலறிவிடுவார், இரண்டும் ஒன்றேதான். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் பழைய எண் வரும். இந்த ஒரு வரியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

இன்சுலின் போடுபவராக இருந்தால் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. சில நாடுகளில் குப்பி இன்சுலின் யு-40 (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்) வகையில் கிடைக்கும். பெரும்பாலான நாடுகளில் யு-100 (100 யூனிட்). ஊசிக்குழலின் அளவுக்கோடுகளும் அதற்கேற்ப இருக்கும். யு-40 ஊசிக்குழலில் யு-100 இன்சுலினை அதே கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. குப்பியும் ஊசிக்குழலும் ஒரே வகைதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். பேனா வகைக்கு மாறிவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒழியும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; திறந்ததைப் பல வகைகளில் 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் வெளியில் வைக்கலாம், அட்டையில் போட்டிருக்கும் நாள் கணக்கே இறுதி. விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் கரைந்த பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

புறப்படும் முன் மருத்துவரிடம் "வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தணும், எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மெட்ஃபார்மின், சிறுநீர் பிரியும் மாத்திரை, சில அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தொடர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். இன்சுலினை அப்படித் தானாக நிறுத்தவும் கூடாது. நடு இரவில், அந்நிய ஊரில், இதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது; தாள் கையில் இருக்க வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கையால் கலக்க நேர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளியும் இதைக் குடிக்கலாம், மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தடுப்பூசியில் வயது பெரிய விஷயம். மஞ்சள் காய்ச்சல் ஊசியை 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே "எல்லோரும் போடுகிறார்கள்" என்று போடாமல், உண்மையிலேயே தேவையா என்று பயண மருத்துவரிடம் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். போட்டால் சான்றிதழ் 10 நாள் கழித்தே செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்பு மாத்திரையையும் உங்கள் மற்ற மாத்திரைகளோடு பொருத்திப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு மெஃப்ளோகுயின் ஏற்றதல்ல. டாக்சிசைக்ளின் சாப்பிடுபவருக்கு வெயிலில் தோல் எளிதில் கருகும்.

வீட்டைப் பார்ப்போம். அமைப்பு வீடு பார்த்துக் கொடுத்தாலும் சாவி வாங்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, மின்சாரம் போனால் அது ஓடுமா? கழிப்பறை எந்த வகை? குளியலறை வாசலில் படி இருக்கிறதா? மூத்தவர்கள் விழும் இடம் பெரும்பாலும் ஈரமான தரையும் இரவு விளக்கில்லாத நடைவழியும்தான். போன முதல் வாரத்திலேயே வழுக்காத விரிப்பும் சிறு இரவு விளக்கும் வாங்கிவிடுங்கள். காற்றுறிஞ்சும் வட்டால் சுவரில் ஒட்டும் கைப்பிடியை நம்பாதீர்கள். ஓட்டின் இடுக்கில் காற்று புகுந்து, சரியாக நீங்கள் சாயும் நேரத்தில் கழன்றுவிடும். திருகாணி போட்டு முடுக்கிய கைப்பிடிதான் கைப்பிடி.

சமையலறையில் அன்றாடம் ஓடும் வேலை தண்ணீர். கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊரில் மூன்று நிமிடம். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். அடுப்பு இல்லாத நேரத்துக்கு மணமில்லாத சலவை வெளுப்பான் உதவும். புட்டியில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 9 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிருமி போகும் என்பது சரி; ஃப்ளோரைடு, ஆர்சனிக் போன்றவை கொதிக்கவைத்தால் போகாது, அவை உள்ள ஊரில் வேறு வடிகட்டி தேவை. நடைமுறை வழி இது: இரவு சாப்பாடு முடிந்ததும் மறுநாளுக்கு வேண்டிய ஆறு லிட்டரைக் கொதிக்கவைத்து மூடி வைத்தால் காலையில் ஆறியிருக்கும். காலையில் கொதிக்கவைப்பவர்கள் பொறுமையிழந்து குழாய்த் தண்ணீரில் பல் துலக்குவார்கள், வயிறு கெடுவது அங்கேதான். துலக்கும் தண்ணீரும் கொதித்த தண்ணீராக இருக்கட்டும்.

மின்சாதனங்களில் முனைமாற்றி வேறு, மின்னழுத்த மாற்றி வேறு. முனைமாற்றி செருகும் வடிவத்தை மட்டும் மாற்றும். 110 வோல்ட் சாதனத்தை 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும். உறக்கத்தில் மூச்சுத் தடைக்கான சிபாப் கருவி, கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகளில் பெரும்பாலும் 100-240 என்று எழுதியிருக்கும், அவற்றுக்குக் கவலையில்லை. முடி உலர்த்தியும் இஸ்திரிப் பெட்டியும் அங்கேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சிபாப் வைத்திருப்பவர் மின்தடை உள்ள ஊருக்குப் போனால் அதற்கென்று ஒரு மின்கலம் கட்டாயம்.

இளம் ஊழியர்களின் வீடுகளைப் பார்வையிடும் பொறுப்பு வந்தால் தூசியைத் தேடாதீர்கள். எரிவாயுக் குழாயில் வெடிப்பு, அதில் தாண்டிப்போன காலாவதி தேதி, ஒரே நீட்டிப்புப் பலகையில் அடுப்பும் வெந்நீர்க் கருவியும் செருகியிருப்பது, சாளரமில்லாத குளியலறைக்குள் எரிவாயு வெந்நீர்க் கருவி ஆகியவற்றைத் தேடுங்கள். கடைசியாகச் சொன்னது உயிரைப் பறிக்கும். எரிவாயு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் தலைவலி, மயக்கம் என்று சரிவார், அவ்வளவுதான். அந்தக் கருவியை வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கை மணி ஒன்றும் வாங்கி வையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் தாத்தா-பாட்டி மாதிரி ஆகிவிடுவீர்கள், அது நல்லதுதான். கடன் கொடுப்பது, எந்த நேரமும் கார் ஓட்டிப் போவது என்று மட்டும் தொடங்காதீர்கள், நிறுத்த முடியாது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி: இருவருக்கும் தனித்தனியாக என்ன பொறுப்பு? சொந்த ஊரில் கணவனும் மனைவியும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சேர்ந்து இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேலை, சொந்தக்காரர், பேரப்பிள்ளை, அண்டைவீடு என்று ஆளுக்கொரு வட்டம் இருந்திருக்கும். அங்கே இரண்டு அறை, நான்கு சுவர், இருபத்துநாலு மணி நேரம். இன்னொன்றும் நடக்கும். இருவரில் ஒருவருக்கு மொழி சீக்கிரம் வந்துவிடும், மற்றவருக்கு வராது. வந்தவரைச் சுற்றிச் சபையே கூடும். வராதவர் சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருப்பவர்தான் "ஊருக்குப் போகலாமா?" என்று முதலில் கேட்பார். ஆகவே இருவருக்கும் தனித்தனி வேலை, தனித்தனி ஆட்கள், தினம் ஒரு மணி நேரம் தனித்தனி நேரம் வேண்டும். மொழி வராதவருக்குக் கைவேலை கொடுங்கள். தையல், இசை, கணக்கு, தோட்டம் போன்றவற்றுக்கு இலக்கணம் தேவையில்லை.

மொழிக்கு வயது ஒரு தடை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி காது. உயர்ந்த ஓசைகள் கேட்பது குறைந்திருந்தால் புது மொழியின் மெய்யெழுத்துகள் காதில் விழாது, "ஞாபகம் இல்லை" என்று தோன்றும். புறப்படும் முன் காதைப் பரிசோதியுங்கள். காதொலிக் கருவி இருந்தால் அதற்கான பேட்டரியின் அளவு எண்ணைக் குறித்து, போதுமான பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்று உள்ள ஊரில் இரவில் கருவியை ஈரமுறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். பாடத்துக்குத் தினம் இருபது நிமிடம் இரண்டு வேளை போதும். சொற்பட்டியல் வேண்டாம், முழு வாக்கியமாகப் படியுங்கள். "மெதுவாகச் சொல்லுங்கள்", "இதை எழுதித் தருவீர்களா?", "எனக்குச் சர்க்கரை நோய், மயக்கம் வருகிறது" என்ற மூன்றையும் முதல் வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பணம் கேட்டு ஆட்கள் வருவார்கள், வராமல் இருக்கமாட்டார்கள். ஒருவருக்குத் தனியாகக் கொடுத்தால் மறுநாள் ஐந்து பேர். அதைவிட, உள்ளூர்ப் போதகரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். நீங்கள் 18 மாதத்தில் கிளம்பிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும். கொடுக்க நினைத்தால் சபையின் உதவி நிதி வழியாக, யார் பெயரும் இல்லாமல் கொடுங்கள்.

சொந்த ஊரில் விட்டுவருகிற காரியங்களில் சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கடிப்பது வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல். அது பழைய கைபேசி எண்ணுக்கு வரும். அந்த எண்ணை உயிரோடு வைத்து, வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருகிறதா என்று வங்கியிடமும் கைபேசி நிறுவனத்திடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கேட்பார்களா, எந்த மாதம், தூதரகத்தில் கொடுக்கலாமா என்பதையும் கேட்டுவையுங்கள். பிள்ளைகளில் ஒருவருக்குப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம், இருவருக்கும் உயில், பாஸ்போர்ட்டில் திரும்பும் தேதிக்குப் பின்னும் ஆறு மாதச் செல்லுபடி ஆகியவை கண்டிப்பாக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் உங்களைத் திருப்பி அனுப்புவதோடு முடியாது, உள்ளூர்ச் சபைக்கும் தலைவலி. கார் ஓட்டுவதாக இருந்தால், 1949 உடன்படிக்கைப்படி கொடுக்கும் பன்னாட்டு உரிமம் ஓராண்டுதான் செல்லும். அதற்குமேல் உள்ளூர் உரிமம் தேவை.

காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: வயது வரம்பு (70-இல் நின்றுவிடும் திட்டங்கள் உண்டு), ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன விதி, விமானத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா. சடலத்தை ஊருக்கு அனுப்பும் செலவு பற்றிய வரியையும் பாருங்கள். இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. பேசாமல் விட்டால் அந்தச் சுமை, நிலைகுலைந்து நிற்கும் ஒருவர் தலையில் விழும்.

அதோடு சேர்த்துக் குடும்பமாக உட்கார்ந்து இன்னொன்றையும் முடிவுசெய்யுங்கள். யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் திரும்பி வருவோம், எதற்கு வரமாட்டோம்? பேரப்பிள்ளையின் பிறப்புக்கு வருவீர்களா? வயதான அம்மா இறந்தால் இருவரும் வருவீர்களா, ஒருவரா? நடுவில் போய்வர அமைப்பின் அனுமதி உண்டா, பயணச்சீட்டு யார் செலவு? தொலைபேசி அடித்தபிறகு இதை விவாதித்தால் கோபமும் குற்ற உணர்ச்சியும்தான் மிஞ்சும்.

திரும்பும் முன் கடைசி இரண்டு மாதங்களில், உங்களுக்குக் கிடைக்காத அந்தக் குறிப்பேட்டை நீங்கள் எழுதி வையுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல், எந்த நாளில் கூட்டம் குறைவு, வீட்டுச் சொந்தக்காரருடன் என்ன பேச்சு, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எதுவரை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மலேரியா பகுதியிலிருந்து வந்தால் மாத்திரையை விமானம் ஏறியதும் நிறுத்தக் கூடாது; டாக்சிசைக்ளின் என்றால் இன்னும் நான்கு வாரம், அட்டோவகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். வந்த ஓராண்டுக்குள் காய்ச்சல் எப்போது வந்தாலும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக எந்த நாட்டில், எந்த ஊரில், எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதைச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.